தைக்கத் தெரியும், சொல்லிக்கொடுக்கத் தெரியலை: முதல் தையல் பேட்ச்சுக்கு எப்படித் தயாராகணும்?

மல்லிகைநூல்:

எல்லாருக்கும் வணக்கம். கட்டிங், ஃபிட்டிங், ஆல்டரேஷன்னு ஆர்டர் வேலை நல்லாவே வரும். கிளாஸ் எடுத்துப் பழக்கம் இல்லை. அடுத்த மாசம் ஆறு பேர் பேட்ச் ஒண்ணு ஆரம்பிக்கணும். வாரத்துக்கு 3 நாள், ஒரு நாளைக்கு 2 மணி நேரம், மொத்தம் 12 வாரம். மிஷின் நாலு இருக்கு: மூணு கால்மிதி, ஒண்ணு மோட்டார் வச்ச வீட்டு மிஷின். ஆறுல நாலு பேர் இதுவரை மிஷின் முன்னாடி உக்காந்ததே இல்லை.

கைக்குத் தெரியுது, வாய்க்கு வரமாட்டேங்குது. அதுதான் சிக்கல். முதல் வாரம் என்ன செய்ய வைக்கணும்? எந்த வரிசையில தைக்க விடணும்? சேர்றவங்க எல்லாரும் முதல் கேள்வியா "டாப் எப்போ தைப்போம்"னுதான் கேக்குறாங்க. நாலு மிஷின் போதுமா? ஆர்டரையும் கிளாஸையும் சேர்த்து ஓட்ட முடியுமா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

கத்தரிப்பிடி:

முதல் நாள் நூலும் வேண்டாம், துணியும் வேண்டாம். ஊசியைக் கழட்டி வச்சிடுங்க, துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் பாதத்தைத் தூக்கிவிடுங்க. கைச்சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற திருகைத் தளர்த்தினா சக்கரம் மட்டும் சுத்தும், மேல மிஷின் அசையாது. இப்போ மிதிக்கச் சொல்லுங்க. கால்மிதியில புதுசா உக்கார்றவங்களுக்கு வர்ற ஒரே பெரிய தடை, சக்கரம் பின்பக்கமா சுத்துறதுதான். அப்படிச் சுத்தினா அடியில இருக்கிற ஷட்டில்ல நூல் சிக்கும், அறுந்தும் போகும். சக்கரத்தோட மேல்விளிம்பு உக்காந்திருக்கிறவங்களைப் பார்த்து வரணும். "சரியா மிதி"ன்னு சொன்னா யாருக்கும் புரியாது. "வலது கையால சக்கரத்தை உங்க பக்கமா இழுத்துவிடுங்க, அது ஓட ஆரம்பிச்ச பிறகு கால் அதைப் பின்தொடரட்டும்"னு சொல்லுங்க. மிதி மேல ரெண்டு காலும் ஒரே நேர்ல இருக்கக் கூடாது. ஒண்ணு ஒரு சாண் முன்னாடி இருந்தா குதிகாலும் விரலும் மாத்தி மாத்தி அழுத்த வசதி. இருபது நிமிஷம் இதையே செய்யட்டும். நினைச்ச இடத்துல நிறுத்த வந்தாதான் அடுத்தது.

அடுத்தது பேப்பர். சக்கரத் திருகை முறுக்கி, பழைய 16ஆம் நம்பர் ஊசி போட்டு, நூல் இல்லாம ஓட்டணும். ஒரு தாள்ல 1 செ.மீ. இடைவெளியில நேர்க்கோடு, இன்னொண்ணுல வளைவு, மூணாவதுல ஒண்ணுக்குள்ள ஒண்ணா சதுரம், கடைசியா சுருள். துளை கோட்டு மேலேயே விழுதான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா அவங்களுக்கே தெரிஞ்சிடும், நீங்க திருத்தவே வேண்டாம். சதுரத்தோட மூலையிலதான் பாடம் இருக்கு: ஊசி தாளுக்குள்ள இறங்கி நிக்கணும், பாதத்தைத் தூக்கணும், திருப்பணும், பாதத்தை இறக்கணும். பாதிப் பேர் ஊசியைத் தூக்கிட்டுத் திருப்புவாங்க, கோடு நகர்ந்திடும்.

பேப்பர்ல ஓட்டின ஊசி மழுங்கிப்போகும். அதோட தலையில நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வச்சுத் தனி டப்பாவுல போடுங்க. இல்லேன்னா அடுத்த வாரம் அது துணியில ஏறி இழை இழுக்கும்.

இன்னொண்ணு, ஊசியைப் பார்த்துத் தைக்க விடாதீங்க. அது மேலும் கீழும் போறதைப் பார்த்துட்டே இருந்தா கை எங்கேயோ போகும். பாதத்தோட வலது விளிம்பையும் துணி ஓரத்தையும் பார்க்கணும். ஊசியிலிருந்து 1.5 செ.மீ. தள்ளி மிஷின் தட்டு மேல கலர் டேப் ஒட்டிடுங்க. துணி ஓரம் அந்த டேப்பை உரசிட்டே போனா தையல் தானா நேரா வரும்.

பாபின்பெட்டி:

மேல சொன்னதெல்லாம் சரி. மிஷின் பக்கத்தை நான் சொல்றேன். கிளாஸ்ல நேரத்தைத் தின்கிறது அதுதான். ஆறு பேரும் ஒரே நேரத்துல "அக்கா, நூல் சிக்குது"ன்னு கூப்பிட்டா அன்னிக்குப் பாடம் அவ்வளவுதான்.

மேல் நூல் சிவப்பு, பாபின் (அடியில போடுற சின்ன நூல் உருளை) நூல் நீலம், துணி வெள்ளைக் காடா (சாதாப் பருத்தித் துணி). முதல் மாசம் முழுக்க இந்த மூணை மாத்தாதீங்க. தப்பு எங்கேன்னு நிறம் காட்டிக்கொடுக்கும். துணியோட அடிப்பக்கம் சிவப்பு வளையம் வளையமா தொங்கினா மேல் நூல் தளர்வு. மேல்பக்கம் நீலம் புள்ளி புள்ளியா எட்டிப் பார்த்தா மேல் நூல் இறுக்கம், இல்லேன்னா பாபின் தளர்வு. "அடியில சிக்குது, அதனால பாபின்லதான் கோளாறு"ன்னு எல்லாரும் நினைப்பாங்க. பெரும்பாலும் நேர்மாறு. அடியில சிக்கு விழுந்தா முதல்ல மேல் நூலைப் பாருங்க.

காரணம் என்னன்னா, பாதம் இறங்கியிருக்கும்போது மேல் நூலை அழுத்திப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டும் மூடியிருக்கும். அந்த நிலையில கோர்த்தா நூல் தட்டுக்கு நடுவுல உக்காராம மேலேயே கிடக்கும். இதை வாயால விளக்காதீங்க. பாதத்தைத் தூக்கி நூலை இழுக்கச் சொல்லுங்க, வழுவழுன்னு வரும். இறக்கிட்டு இழுக்கச் சொல்லுங்க, பிடிக்கும். அதுக்கப்புறம் "பாதம் மேல, அப்புறம் நூல்"ங்கிறதை யாரும் மறக்கமாட்டாங்க.

தையல் விட்டுவிட்டு விழுந்தா அது ஊசி. வளைஞ்சிருக்கும், மேல முட்டுற வரைக்கும் ஏறாம இருக்கும், இல்ல திரும்பிப் போட்டிருக்கும். ஊசியில ஒரு பக்கம் நீளப் பள்ளம் ஓடும், நூல் அந்தப் பக்கத்துல இருந்துதான் உள்ள போகணும். ஏன்னு காட்ட ஒரு வழி இருக்கு. ஊசிக்குக் கீழ இருக்கிற தட்டைத் திறந்து வச்சுக் கைச்சக்கரத்தை மெதுவா கையால சுத்துங்க. ஊசி கீழ்முனைக்குப் போய் ஒரு துளி மேல எழும்பும்போது, ஊசிக் கண்ணுக்குப் பக்கத்துல நூல் சின்னதா ஒரு வளையமா உப்பும். அந்த நொடியில அடியில இருக்கிற ஹூக்கோட (கொக்கி) முனை உள்ள நுழைஞ்சு வளையத்தைப் பிடிச்சு, பாபினைச் சுத்திக் கொண்டுபோகும். ஊசி அரை மில்லிமீட்டர் கீழ இறங்கியிருந்தாலும் முனை வளையத்தைத் தவறவிடும். ஆறு பேரும் குனிஞ்சு இதை ஒருதடவை பார்க்கட்டும். மிஷின் மேல இருக்கிற பயம் பாதி அங்கேயே போயிடும்.

ஊசி உடைஞ்சா துணியை இழுத்திருக்காங்கன்னு அர்த்தம். துணியை நகர்த்துறது பாதத்துக்கு அடியில இருக்கிற பல்லோட வேலை, கைக்கு வழிகாட்டுற வேலை மட்டும்தான். பின்னாடி இருந்து இழுத்தா ஊசி வளைஞ்சு தட்டுல இடிக்கும். இடிச்ச இடத்துல பிசிறு உண்டாகி அப்புறம் நூல் அறுந்துட்டே இருக்கும். தைக்க ஆரம்பிக்கும்போதே அடியில கொத்தா சிக்கினா, ரெண்டு நூல் நுனியையும் 10 செ.மீ. விட்டுப் பின்பக்கமா பிடிச்சுக்கச் சொல்லுங்க. முதல் நாலைஞ்சு தையல் வரைக்கும் பிடிச்சா போதும்.

சுவர்ல இந்த வரிசையை எழுதி ஒட்டுங்க: ரெண்டு நூலையும் எடுத்துட்டு மறுபடி கோர், ஊசியை மாத்து, பல்லுக்கடியில இருக்கிற பஞ்சை பிரஷ்ஷால எடு, அதுக்கப்புறம்தான் டென்ஷனைத் தொடு. பாபின் கேஸ்ல இருக்கிற குட்டித் திருகைத் தொடுற உரிமை உங்களுக்கு மட்டும். நூலைப் பிடிச்சுக் கேஸைத் தொங்கவிட்டா அப்படியே நிக்கணும், லேசா உதறினா ஒரு அங்குலம் இறங்கி நிக்கணும். சரசரன்னு இறங்கினா தளர்வு, உதறியும் அசையலைன்னா இறுக்கம். திருகைக் கால் சுத்துக்கு மேல ஒரே தடவையில திருப்பாதீங்க.

நாலு மிஷின்னா பாபின்களும் கலக்கும். பார்க்க ஒண்ணு மாதிரி இருக்கும், உயரம் ஒரு மயிரிழை மாறும், கேஸ்ல ஆடும். மிஷினுக்கு ஒரு நிறம்னு பாபின்லயும் கேஸ்லயும் பெயின்ட் பொட்டு வச்சிடுங்க.

ஊசி: மெல்லிய வாயில் துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் மாதிரி தடிப்புக்கு 16 அல்லது 18. அட்டையில 90/14ன்னு போட்டிருந்தா, 90ங்கிறது ஊசியோட தடிமன், அதாவது 0.9 மி.மீ. பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசி வேணும், இல்லேன்னா இழை அறுந்து ஓட்டை விழும். எட்டு மணி நேரம் தைச்சா ஊசியை மாத்திடறது நல்லது. எண்ணெய் ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு, மிஷின் எண்ணெய் மட்டும். சமையல் எண்ணெய் விட்டா நாளாக ஆகப் பிசினாகி மிதி கனக்கும். எண்ணெய் விட்ட பிறகு வேண்டாத துணியில ரெண்டு நிமிஷம் ஓட்டாம நல்ல துணியை வைக்காதீங்க.

நாலிலொன்று:

வரிசையைப் பற்றிச் சொல்கிறேன். கத்தரிப்பிடி சொன்ன பேப்பர் பயிற்சி தேவைதான், ஆனால் ஒரு வகுப்போடு நிறுத்திவிடுங்கள். சில இடங்களில் இரண்டு வாரம் பேப்பரிலேயே ஓட்டுகிறார்கள். ஆள் நின்றுவிடுவது அங்கேதான். நான்காவது வகுப்பு முடியும்போது கையில் ஒரு பொருளோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

அதற்கு மெத்தைத் தலையணை உறை சரியாக இருக்கும், ஜிப் இல்லாமல், பின்பக்கம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் மாதிரி. 40 செ.மீ. சதுரத் தலையணை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் 43 × 43 (சுற்றிலும் 1.5 தையலுக்கு). பின்பக்கம் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 43 × 29.5. எப்படி வந்தது? பின்பக்கத்துக்கு 40, ஏறுவதற்கு 10, ஆக 50, பாதி 25. அதோடு ஓரத் தையலுக்கு 1.5, மடித்தடிக்க 3 (முதல் மடிப்பு 1, இரண்டாவது 2). மூன்று துண்டையும் பக்கம் பக்கமாக வைத்தால் 43 + 29.5 + 29.5 = 102. 110 செ.மீ. பன்னா (அகலம்) உள்ள துணியில் குறுக்கே அடங்கிவிடும். ஆளுக்கு அரை மீட்டர் போதும், சுருக்கத்துக்கும் கோணல் வெட்டுக்கும் மிச்சம் இருக்கும். இந்தக் கணக்கை நீங்களே போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பலகையில் தலையணை அளவை மட்டும் எழுதுங்கள். துணி வாங்கும் முன் அவர்களே போட்டுப் பார்க்கட்டும். மடிப்புக்கு விட மறப்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். பேப்பரில் வெட்டி ஒட்டிப் பார்த்தால் ஏன் எட்டவில்லை என்று புரியும்.

அடுத்து இழுகயிறு பை. அதற்கடுத்து எலாஸ்டிக் பாவாடை: துணிச் சுற்றளவு இடுப்பின் பெருத்த அளவைப் போல ஒன்றரை மடங்கு, எலாஸ்டிக் இடையளவை விட 2 முதல் 5 செ.மீ. குறைவாக, இணைப்புக்குத் தனியே 2. எலாஸ்டிக் 2.5 செ.மீ. அகலம் என்றால் மேலே 4 செ.மீ. விட வேண்டும்: 1 உள்மடிப்பு, 3 கூடு. கோர்க்க 5 செ.மீ. திறப்பு விடாமல் சுற்றி அடித்துவிட்டுப் பிறகு பிரிப்பது வழக்கமான கதை. இதில் கொசுவம் சேர்ந்தால் சுருக்குத் தையலும் வந்துவிடும்: 4 மி.மீ. நீளத்தில் இரண்டு வரிசை, பாபின் நூலை மட்டும் பிடித்து இழுக்க வேண்டும். ஒரே வரிசையில் இழுத்தால் சுருக்கு ஒரு பக்கம் குவியும்.

டாப் ஆறாவது வாரம்தான். அதற்கு முன் ஒரு கணக்கு மனசில் ஏற வேண்டும். மார்பளவு 34 அங்குலம், லூஸ் (உடல் அளவுக்கு மேல் தளர்வுக்காக விடுவது) 4 அங்குலம். நாலில் ஒரு பங்கு (34 + 4) ÷ 4 = 9.5. தையலுக்கு அரை சேர்த்து 10. புதியவர்கள் 34 ÷ 4 = 8.5 என்று போட்டுவிட்டு அதன்மேல் முழு 4ஐயும் கூட்டுவார்கள். 12.5 ஆகிவிடும். நாலு பங்குக்கும் சேர்த்து 50 அங்குலச் சட்டை! லூஸும் நாலாகப் பிரியும் என்பதை டேப்பை உடம்பில் சுற்றிக் காட்டுங்கள், சூத்திரமாக எழுதிப்போடாதீர்கள்.

அளவெடுக்கும்போது இடையில் ஒரு எலாஸ்டிக்கைக் கட்டிவிட்டால் அது தானாகச் சரியான இடத்தில் போய் உட்காரும். முதுகு நீளம், இடுப்பு இறக்கம் எல்லாம் அதிலிருந்துதான். ஒருவரை இரண்டு பேர் தனித்தனியாக அளக்கட்டும். ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறை. முதல் டாப்பை நல்ல துணியில் வெட்ட விடாதீர்கள். காடாவில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்து, குத்தூசி குத்தித் திருத்தி, அந்தத் திருத்தத்தைப் பேப்பருக்கு மாற்றிய பிறகே நிஜத் துணி. துணியை முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுவதும், கரைக்கு இணையாக நீளவாக்கு இழை பார்ப்பதும் தனியாக ஒரு வகுப்பு கேட்கும். இழை கோணினால் இரண்டு துவைப்பில் பக்கத் தையல் முன்னால் திரும்பி வரும், தைத்தவருக்குக் காரணமே பிடிபடாது.

மல்லிகைநூல்:

ரொம்ப நன்றி! அந்த 50 அங்குலச் சட்டைக் கணக்கைப் பலகையில அப்படியே போடப்போறேன். ரெண்டு சந்தேகம். சேர்றவங்கள்ல ஒருத்தருக்கு இடது கைப் பழக்கம், என்ன மாத்தணும்? அப்புறம், பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருக்கும்போது தப்பா தைச்சா கை தானா போய் வாங்கித் தைச்சிடுமோன்னு பயமா இருக்கு.

தும்பிக்கை:

அந்தப் பயம் நியாயமானதுதான். நல்ல டெய்லர் டீச்சரா மாறும்போது முதல்ல பழக வேண்டியது கையைப் பின்னாடி கட்டிக்கிறது. அவங்க துணியில நீங்க ஒரு தையல் போட்டாலும் அது உங்க வேலையாயிடும். காட்டணும்னா தனித் துண்டுல காட்டுங்க. அதுக்காகவே படிப்படி சாம்பிள் செஞ்சு வையுங்க: ஒரே உறை, ஐந்து நிலையில நிறுத்தினது. வெட்டினது, மடிச்சு இஸ்திரி போட்டது, மடிப்பு அடிச்சது, ஓரம் இணைச்சது, திருப்பினது. சந்தேகம் வந்தா எழுந்து போய் மூணாம் நம்பரைப் புரட்டிப் பார்ப்பாங்க, உங்களைக் கூப்பிட மாட்டாங்க. சாம்பிளைத் துணிக்கு எதிர்நிற நூல்ல தையுங்க. அழகா இருக்கணும்னு ஒரே நிறத்துல தைச்சா ஒண்ணும் தெரியாது.

செஞ்சு காட்டுறது ஒரு தடவைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. எதிர்ல நின்னு காட்டாதீங்க, வலது இடது மாறித் தெரியும். தோளுக்குப் பின்னாடி இருந்து பார்க்கட்டும்.

இடது கைக்காரர் மட்டும் விதிவிலக்கு. கைத்தையலுக்கு அவங்களை நேர் எதிர்ல உக்கார வச்சா, கண்ணாடியில பார்க்கிற மாதிரி அப்படியே எடுத்துப்பாங்க. மிஷின்ல எதையும் மாத்த வேண்டாம், அது எல்லாருக்கும் ஒண்ணுதான். கத்தரிக்கோல்தான் பிரச்சினை. வலது கைக் கத்தரியை இடது கையில பிடிச்சா கைவிசை பிளேடு ரெண்டையும் விலக்கும், துணி வெட்டாம நடுவுல மடியும், வெட்டுற கோடும் பிளேடுக்குப் பின்னாடி மறைஞ்சிடும். இடது கைக் கத்தரி ஒண்ணு வாங்கச் சொல்லிடுங்க.

ஆறு பேருக்கு நாலு மிஷின் போதுமான்னு கேட்டீங்க. மூணை மட்டும் ஓட்டுங்க, நாலாவது மாத்து. கிளாஸ் நடுவுல ஒண்ணு மக்கர் பண்ணா அதைப் பிரிச்சுட்டு உக்காரக் கூடாது, ஒதுக்கிட்டு மாத்து மிஷினைக் கொடுத்துடணும். ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு, ஒருத்தர் தைக்கும்போது மத்தவர் வெட்டணும், குறிக்கணும், இஸ்திரி போடணும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறணும். இஸ்திரிப் பெட்டி மிஷினுக்குப் பக்கத்துலேயே இருக்கட்டும். தள்ளி வச்சா யாரும் எழுந்து போகமாட்டாங்க, தையலை அழுத்தாம மேல மேல தைச்சுட்டே போவாங்க, கடைசியில எல்லாம் உப்பிக்கிட்டு நிக்கும்.

பிரிக்கிறதுக்கும் ஒரு விதி வையுங்க. ஒரே இடத்தை ரெண்டு தடவைக்கு மேல பிரிக்க வேண்டாம். மூணாவது தடவை துணியே நைஞ்சுபோகும், ஆளும் சோர்ந்துபோவாங்க. புதுத் துண்டு எடுக்கட்டும்.

ஆர்டர் விஷயம்: நேரத்தைச் சரியா எண்ணுங்க. 12 வாரத்துக்கு 72 மணி நேரம் கிளாஸ். ஒவ்வொரு 2 மணிக்கும் முன்னாடி ஒரு மணி தயாரிப்பு (சாம்பிள், துண்டு வெட்டுறது, பாபின் சுத்துறது), பின்னாடி அரை மணி சுத்தம். அப்போ 36 கிளாஸுக்கு 54 மணி கூடுது, மொத்தம் 126. ஃபீஸை 72க்குப் போட்டா நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கும். 126 மணிக்கான உங்க கூலி, அதோட ஊசி, நூல், காடா, எண்ணெய், மிஷின் தேய்மானம், எல்லாத்தையும் கூட்டி நாலால வகுங்க, ஆறால வேண்டாம். ரெண்டு பேர் நடுவுல நின்னாலும் கை கடிக்காது. பயிற்சிக்கு ஆளுக்கு 2 மீட்டர் காடா எடுங்க, 110 பன்னால 30 × 30 சதுரம் 18 கிடைக்கும்.

கிளாஸ் நாள்ல ஆர்டர் துணியை மேசையில வைக்கவே வேண்டாம். கஸ்டமர் துணியில மாணவரைப் பழக விடறது ரெண்டு பேருக்கும் செய்ற தப்பு.

கத்தரிப்பிடி:

நாலிலொன்று சொன்னதை ஒத்துக்கிறேன், பேப்பர் ஒரு கிளாஸ் போதும். ஆனா மிதி வராதவங்களை மட்டும் கூட ஒரு நாள் பிடிச்சு வையுங்க.

ஒண்ணு விட்டுப்போச்சு. வெட்டுற மேசை உயரம். மிஷின் மேசை 75 செ.மீ. இருக்கும், அதுலேயே குனிஞ்சு வெட்டச் சொன்னா ஒரு மாசத்துல இடுப்பு வலி வரும். ஆறு பேருக்கும் குனிஞ்சு குனிஞ்சு திருத்துற உங்களுக்கு அதுக்கு முன்னாடியே வந்திடும். வெட்டுற மேசை 90 செ.மீ. சுமார் இருக்கணும். நின்னா முழங்கைக்கு ஒரு கை அகலம் கீழ வரணும். மேசைக் காலுக்கு அடியில கட்டை வச்சாவது உயர்த்திடுங்க. திருத்தும்போது குனியாம சின்ன ஸ்டூல் இழுத்துப்போட்டு உக்காருங்க.

பாபின்பெட்டி:

கடைசியா ஒண்ணு. ஆளுக்கு 20 குத்தூசி எண்ணிக் கொடுங்க, கிளாஸ் முடிஞ்சதும் 20 எண்ணி வாங்குங்க. குறைஞ்சா காந்தத்தை ஒரு கயித்துல கட்டித் தரையில இழுத்துப் பார்க்காம யாரையும் கிளப்பாதீங்க. உடைஞ்ச மிஷின் ஊசிக்கும் அப்படித்தான்: ரெண்டு துண்டையும் சேர்த்து வச்சு முழு ஊசியாச்சான்னு பார்த்துட்டுதான் புதுசு கொடுக்கணும். முனைத்துண்டு கிடைக்கலைன்னா முதல்ல பல்லுக்கடியில பாருங்க, அப்புறம் பாபின் கேஸ், அப்புறம் அந்தத் துணியோட மடிப்பு.